கொடி ரத்தத்து வீடு

மதுரையில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு வீடு இருக்கும். பத்து மாதமும் தாய் குடியிருந்த வீடு அது. சுவர், கூரை, அடுப்படி, வாசல், வாசலை ஒட்டிய சாக்கடை வரைக்கும் எல்லாம் இருக்கும். சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெரு அதில் சேராது. இதைப் பற்றிப் பிறகு தகராறு செய்யக் கூடாது என்று பிரசவ ஆஸ்பத்திரிகளில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

வீடு வெளியே நின்றுகொண்டிருக்கும் வரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரத்தத்தைத் தானமாகக் கொடுத்தால் வீடும் அதோடு போகும், தாய்க்கு அந்த வீடு அந்த நிமிஷமே மறந்துபோகும். மறந்தால் என்ன? ஐந்தாம் நாள் ஆட்டோவில் போய் இறங்கினால் வீடு இருந்த இடத்திலேயே இருக்கப் போகிறது. உப்பு டப்பா எங்கே, சுவிட்சு எங்கே என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டு திரிவாள், மூன்றாம் நாள் அவளே மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். தகப்பனுக்கு எதுவும் மறக்காது. அவன் வழியாகத்தான் எதுவும் போகவில்லையே.

கஷ்டமெல்லாம் வீடு இடிபட்டவர்களுக்குத்தான். அவர்களுக்கு மிச்சமிருப்பது ரத்தத்தில் இருக்கிற அந்த ஒரு வீடு. அதை ரத்த வங்கியில் உறையவைத்துப் போட்டு வைக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். இல்லையென்றால் தானமாகக் கொடுக்கலாம். கொடுத்தால் தாய் அங்கே வாழ்ந்த வருஷங்கள் மொத்தமும் போகும். பத்து மாதத்தை மட்டும் தனியாக அறுத்துக் கொடுக்க யாராலும் முடியாது.

அழகுராஜா அரசரடிக்கும் பெரியார் நிலையத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனும் அவன் மனைவி பாண்டீஸ்வரியும் கல்யாணமான நாளிலிருந்து எட்டு வருஷம் குடியிருந்தது ஆரப்பாளையத்தில், பூட்டுக்காரர் காம்பவுண்டில். ஒரே வரிசையில் ஏழு வீடு, முற்றத்தில் ஒரு அடிபம்பு, கடைசியில் இரண்டு கக்கூஸ். பூட்டுக்காரர் யார், அவர் பூட்டு செய்தாரா உடைத்தாரா என்பது அங்கே குடியிருந்த ஒருவருக்கும் தெரியாது. காம்பவுண்டை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போவதாக ஓனர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாண்டீஸ்வரிக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் அவர் வந்து, பிள்ளைத்தாச்சி இருக்கிற இடத்தில் கடப்பாரை போடக் கூடாது, அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போக, கடைசி நாலு மாதம் காம்பவுண்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

அந்த நாலு மாதத்தில்தான் அவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்தது. சாயங்காலம் அழகுராஜா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்ததும் பம்படியில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவார்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசுவார்கள். மைதீன் பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வாளியோடு வந்தது, ஜெசிந்தா டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது பெயிலான பிள்ளைகளுக்காக அழுதது, கல்யாணமான முதல் வருஷம் சண்டையில் பாண்டீஸ்வரி சோற்றுத் தட்டை முற்றத்தில் வீச, ஆறு வீட்டுக்காரர்களும் ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஒருத்தர் தொடங்கினால் மற்றவர் முடிப்பார். அழகுராஜாவுக்குத் தேதி நிற்காது. அவன் தப்பாகச் சொல்லச் சொல்ல அவள் திருத்துவாள். குடியிருக்கும்போதே குடியிருந்த வீட்டை நினைத்து ஏங்குகிற ஜோடியை, பால் ஊற்ற வருகிறவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். அழகுராஜாவுக்கு ஆயுசில் அவ்வளவு சந்தோஷமான நேரம் வேறு வாய்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாமான்களெல்லாம் முந்தின வாரமே வில்லாபுரத்தில் பிடித்த மூன்றாவது மாடி வீட்டுக்குப் போய்விட்டன. மத்தியானம் காம்பவுண்டுக்குள் பொக்லைன் வந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை பெண் குழந்தை பிறந்தபோது வீடு வெளியே இல்லை.

காலை எட்டு மணிக்குப் புனிதா சிஸ்டர் ரத்தப் பையை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கை அகலப் பை. கூடவே இரண்டு படிவம். மஞ்சள் வங்கிக்கு, வெள்ளை தானத்துக்கு.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இங்க வச்சிருப்போம். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஏதாச்சும் ஒண்ணுல கையெழுத்துப் போட்டுருங்க. கதவு நம்பர் பழசு, புதுசு ரெண்டையும் எழுதணும். போன மாசம் ஒருத்தர் பழைய நம்பரை மட்டும் எழுதிட்டாரு. அவங்க குடிவர்றதுக்கு முந்தி அங்க இருந்த மாட்டுக் கொட்டகைதான் போய்ச் சேந்துச்சு."

"அப்பறம்?" என்றான் அழகுராஜா.

"அப்பறம் என்ன? வாங்குனவரு மாட்டைப் பாத்துக்கிறாரு."

அழகுராஜா மஞ்சள் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

கீழ்த்தளத்தில் வங்கிக்காரர்களுக்கு ஒரு அறை இருந்தது. டை கட்டிய ஒருவர் அவனுக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் கொடுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ஐந்து நிமிஷம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், குளிர் எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது என்றார்.

காம்பவுண்டு கேட்டைத் திறந்ததும் கீல் கத்துகிற அதே சத்தம் கேட்டது. அடிபம்பின் கைப்பிடியில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. அடித்துப் பார்த்தான். தண்ணீர் வாய் வரைக்கும் வந்து உறைந்து நின்றது. மனிதர்கள் யாரும் இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. மைதீன் பாய் வீட்டில் தையல் மெஷின் ஓடியது. டீச்சர் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. பம்படியில் அவனுடைய குரலே கேட்டது, ஏதோ தேதியைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரியின் குரல் அதைத் திருத்தியது.

அவன் தன் வீட்டுக்குள் போனான். அடுப்படிக் கதவு நிலையில், குளிக்கப் போகும்போதெல்லாம் பாண்டீஸ்வரி நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் இருந்தன. எட்டு வருஷத்துப் பொட்டு. முதலில் மெரூனில் பெரிசு பெரிசாக, நடுவில் ஒரு வருஷம் பாம்பு மாதிரி வளைந்து, அப்புறம் வர வரச் சின்னதாகிக் கடைசியில் கடுகளவு கறுப்பு. எது எந்தத் தீபாவளிக்கு வைத்தது என்று அவனுக்குத் தெரியும். ஒன்றைப் பிய்த்துப் பார்த்தான். உறைந்துபோயிருந்ததால் வரவில்லை. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதான். கண்ணீரும் கன்னத்தில் உறைந்துவிட்டதால் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும், "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் டை கட்டியவர்.

"அப்படியே இருக்கு."

"பின்னாடி உங்க குழந்தைக்கே ஒண்ணுன்னாலும் கைவசம் இருக்கும் சார். அதையும் யோசிச்சுக்குங்க."

யோசிக்கவே வேண்டாம் என்று அழகுராஜா சொன்னான். மேலே வந்து பாண்டீஸ்வரியிடம் ஒன்று விடாமல் விவரித்தான். பம்பு, பனி, மெஷின் சத்தம், பொட்டு. முதல் ஞாயிறு தோறும் இரண்டு பேரும் போகலாம், பம்படியில் உட்கார்ந்து பேசலாம், ஸ்வெட்டர் அவர்களே தருகிறார்கள் என்றான். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்குல்ல," என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை காலையில் ஜெசிந்தா டீச்சர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்தார். காம்பவுண்டில் அவர்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர், இப்போது திருநகரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் குழந்தையை மடியில் வாங்கி மூக்கு யார் மூக்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒயர்கூடை.

"இங்க ஒரு வீடு இருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

அவள் பெயர் குருவம்மாள். சாத்தூர்க்காரி, வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறவள். அவளுடைய மகள் கனிஷ்காவுக்குப் பதினோரு வயது. அந்தப் பிள்ளையின் ரத்தம் கெட்டுப்போனதால் ஆறு மாதமாக வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது. அந்த ஆறு மாதமாகவும் குருவம்மாள் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நாலு வீடு பாத்தாச்சு. ஒண்ணும் புள்ளைக்குச் சேரல. ஒண்ணு மாடி வீடு, ஒண்ணு தெக்க பாத்த வாசல். இது சேருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மாசத்துக்குள்ள அமையலன்னா அதுக்கப்பறம் வீடே தேவைப்படாதுன்னும் சொல்லிட்டாரு."

இதை அவள் பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். ஆறு மாதமாகப் பலரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பாண்டீஸ்வரி தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உக்காருங்கக்கா. என்ன தெரியணும், கேளுங்க."

"தண்ணி எப்படி?"

"அடிபம்பு இருக்கு. உப்புத்தண்ணி எப்ப அடிச்சாலும் வரும். நல்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், லாரியில."

"லாரி சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிக்கும்," என்றான் அழகுராஜா. "அது வீட்டுல சேராது. நல்ல தண்ணிக்கு நீங்கதான் வழி பாக்கணும்."

குருவம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். "கறி எடுத்தா யாரும் ஏதும் சொல்லுவாங்களா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட," என்றார் டீச்சர். "ஞாயித்துக்கெழமை ஆனா ஏழு வீட்டுலயும் கறிதான். வாசம் ஒண்ணோட ஒண்ணு கலந்து யாரு வீட்டுக் கொழம்புன்னே தெரியாது."

"மழைக்கு ஒழுகும்," என்றான் அழகுராஜா. "ஐப்பசி பூரா மூணு எடத்துல சட்டி வைக்கணும்."

"ரெண்டு எடத்துல," என்றாள் பாண்டீஸ்வரி. "கட்டில் பக்கம் ஒழுகாது. புள்ளைய அங்கிட்டுப் படுக்க வச்சுக்கலாம்."

"கொசு."

"வேப்பெலை போட்டா போயிரும்."

"ஏழு வீட்டுக்கும் சேத்து ரெண்டே கக்கூஸ். காலையில வாளியத் தூக்கிட்டு வரிசையில நிக்கணும்."

"அந்த வரிசையிலதான நாம எல்லாரும் பேசிக்கிறதே!" டீச்சருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஏன் அழகு, உனக்கு என்ன ஆச்சு? நம்ம காம்பவுண்டைப் போயி வேத்தாளுகிட்ட இப்படிச் சொல்ற? திருநகர்ல என் மகன் வீட்டுல மூணு கக்கூஸ் இருக்கு. பேசுறதுக்கு ஒரு ஆளு இல்ல."

அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டான். பூட்டுக்காரர் காம்பவுண்டைப் பற்றி வேறு யாராவது இதில் பாதி சொல்லியிருந்தாலும் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கிச் சட்டையைப் பிடித்திருப்பான்.

"எங்க வீட்டை எப்படியும் காலி பண்ணியாகணும்," என்றாள் குருவம்மாள். "பழைய ரத்தம் ஒரு சொட்டு உள்ள இருக்கக் கூடாதாம். எல்லாத்தையும் எடுத்துருவாங்களாம். எடுத்த வீடு சும்மா இருக்காதாம், வேற யாராச்சும் வீடு இல்லாதவங்க கிட்டப் போய்ச் சேந்துக்கிருமாம். ஒரு நாள் பூரா புள்ள வீடே இல்லாம கெடக்கும். அதுக்குள்ள புது வீடு வந்துரணும்." அவள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். பிறகு அழகுராஜாவைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணே, கடைசியா ஒண்ணு கேக்குறேன். அங்க சந்தோசமா இருந்தீங்களா?"

அழகுராஜா வாயைத் திறந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேறு வீடு பார்க்கப் போய்விடுவாள். வீடு மஞ்சள் படிவத்தில் பத்திரமாக இருக்கும். பாண்டீஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப," என்றான்.

குருவம்மாள் கூடையிலிருந்து ஒரு காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது, நீங்கள் சாப்பிடுங்கள் என்றாள். "நான் கீழ பெஞ்சுல இருக்கேன். இல்லைன்னாலும் வந்து சொல்லிருங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

டீச்சர் இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார்.  பாண்டீஸ்வரியின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். மூன்று மணி வரை அழகுராஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காராச்சேவைத் தின்றுகொண்டிருந்தான்.

"எட்டு வருசம் ஈஸ்வரி," என்றான் கடைசியில்.

"தெரியும்."

"உனக்கு ஒண்ணு கூட ஞாபகம் இருக்காது."

"உங்களுக்கு இருக்கும்ல. தெனமும் நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

"நீ திருத்தமாட்டியே," என்றான். "நான் தப்புத் தப்பாச் சொல்லுவேன், நீ ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு இருப்ப. யாரோ வீட்டுக் கதை மாதிரி இருக்கும் உனக்கு."

"இருந்தா என்ன? யாரோ வீட்டுக் கதையத்தான் தெனம் டிவியில மூணு மணி நேரம் பாக்குறேன்."

அவன் சிரிக்கவில்லை. குழந்தையைக் காட்டினான். "நாளைக்கு இதுக்கே ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

பாண்டீஸ்வரி குழந்தையின் விரல்களை விரித்துப் பார்த்தாள்.  அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"அப்ப நானும் ஒயர்கூடையத் தூக்கிட்டு வீடு பாக்கப் போவேன்," என்றாள். "யாராச்சும் தருவாங்க. இப்ப கீழ ஒருத்தி உக்காந்திருக்கா. நம்ம கிட்ட ஒரு வீடு இருக்கு. நம்ம மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை குல்லா மாட்டிக்கிட்டுப் போயிப் பாக்குறதுக்கு அதை ஐசுல வச்சுப் பூட்டுறதா? நீங்களே சொல்லுங்க, அந்தப் பம்புல தண்ணி வந்துச்சா?"

"வரல."

"பின்ன?"

அவன் மஞ்சள் படிவத்தை எடுத்து நாலாக மடித்துக் காராச்சேவுப் பொட்டலத்துக்குள் போட்டான். வெள்ளைப் படிவத்தில் பழைய எண் பதினாறு, புதிய எண் நாற்பத்தொன்று என்று எழுதினான். எழுத்துக் கோணலாக வந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்றரை. சிஸ்டரை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

"ஒருதடவை முழுசா நடந்துட்டு வந்துருவோம்," என்றாள் பாண்டீஸ்வரி.

கேட்டிலிருந்து தொடங்கினார்கள். முதல் வீடு, மைதீன் பாய். அவர் இவள் தலைதீபாவளி ரவிக்கைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அளவைத் தப்பாக எடுத்தது. இரண்டாவது வீட்டுக்காரி பம்படியில் துணி துவைக்கும்போது பாடுவது, பாட்டு நன்றாக இருந்தால் துணி வெளுக்காமல் போவது. டீச்சர் வீட்டு வாசலில் கரண்ட் போன அன்று பதினெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரே தர்பூசணியைச் சாப்பிட்டது. அழகுராஜா பதினாறு பேர் என்றான். பதினெட்டு, பாயின் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள் என்று அவள் திருத்தினாள். அவன் வேண்டுமென்றே இன்னும் நாலைந்து இடத்தில் தப்பாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் திருத்தினாள். அவள் வீசிய தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் அவள் பின்னாலேயே பம்படிக்குப் போனதையும், தட்டில் ஒட்டியிருந்த ஒரு வாய்ச் சோற்றை அவளே ஊட்டிவிட்டதையும் பேசினார்கள். பக்கத்துக் கட்டில்காரி திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் புனிதா சிஸ்டர் வந்து பையை ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடினார். குருவம்மாள் வாசல் பக்கம் நின்று இரண்டு கையையும் கூப்பினாள். பாண்டீஸ்வரி அழகுராஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "பம்பு பக்கத்துல ஒரு கல்லு கெடக்கும்ல, அது மேல கோலமாவு டப்பாவ வச்சுட்டு நான்..."

வராந்தாவில் லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"வச்சுட்டு?" என்றான் அழகுராஜா.

"எதை?" என்றாள் அவள்.

வில்லாபுரம் வீட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்ட மாதிரியே அவன் தினமும் சொன்னான். பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். அவன் கேட்டிலிருந்து தொடங்குவான். அவள் மரியாதையாகக் கேட்பாள். நல்ல இடத்தில் சிரிப்பாள், பாவமான இடத்தில் உச்சுக்கொட்டுவாள், "அப்பறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று தன்னைப் பற்றியே கேட்பாள். பதினாறு பேர் தர்பூசணி சாப்பிட்டார்கள் என்று அவன் சொன்னால் பதினாறு பேர்தான். ஜெசிந்தா டீச்சர் பார்க்க வந்தபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டாள். எட்டு வருஷம் அவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் கைவிட்டு எடுத்தவள். டீச்சர் ஒன்றரை என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக அழகுராஜா சொல்வதைக் குறைத்துக்கொண்டான். பேச ஆளிருந்தும் தனியாகப் பேசுவது அவனுக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

மூன்றாம் மாதம் சாத்தூரிலிருந்து போன் வந்தது. குருவம்மாள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மகளிடம் கொடுத்தாள். ரத்தம் நன்றாக ஊறுகிறதாம், பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அங்கிள், வீடு நல்லாருக்கு," என்றது பிள்ளை. "ஒரே சத்தம். ஆனா நல்லாருக்கு. அடுப்படிக் கதவுல பொட்டு ஒட்டியிருக்குல்ல, அதெல்லாம் நான் எடுத்துக்கிடட்டா?"

"பிய்க்க வருதாம்மா?"

"நல்லா வருது அங்கிள்."

எடுத்துக்கொள்ளச் சொன்னான். இன்னும் நாலு வார்த்தை பேசலாம் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் பிள்ளைக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம், குழந்தையை மடியில் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி தானாகச் சிரித்தாள்.

"என்ன?" என்றான் அழகுராஜா.

"இல்ல, நம்ம ஆட்டை நெனச்சேன்."

பூட்டுக்காரர் காம்பவுண்டில் ஆடு கட்ட இடம் கிடையாது. ஏழு வீட்டிலும் யாரும் ஆடு வளர்த்ததில்லை. சாத்தூர்ப் பக்கம், வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள்தான் வாசலில் ஆடு கட்டியிருப்பார்கள்.

"ஒட்டி வச்ச தீப்பெட்டி அம்புட்டையும் பசைக்காக நக்கி நக்கி, ஒரு கட்டு பூராத்தையும் தின்னுப்புட்டு நின்னுச்சே," என்றாள். "வாயெல்லாம் செவப்பு லேபிளு. எங்கம்மா வெளக்கமாத்தைத் தூக்கிட்டு வர்றாங்க, அது என் பாவாடைக்குப் பின்னாடி வந்து ஒளியுது. அந்த வேப்பமரம், அந்த முத்தம், அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. அந்த மாதிரி நாளெல்லாம் இனிமே வருமாங்க?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அடுத்து அவன் சொல்ல வேண்டிய இடம் அது.

அழகுராஜா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வெள்ளாடு," என்றான். "ஒரு கொம்பு ஒடிஞ்சிருக்கும். ஒரு பங்குனி மாசம்."

"சித்திரை," என்றாள் பாண்டீஸ்வரி. "கயிறு நல்லாத்தான் கட்டியிருந்துச்சு. எப்படி அவுந்துச்சுன்னுதான் தெரியல."

"நான்தான் அவுத்து விட்டேன்."

"தெரியும்," என்றாள். "அன்னைக்கே பாத்தேன்."